மஞ்சள் ரோஜாவுக்குப் பக்கத்தில்

மலாயாவின் அவசரகாலத்தில் உங்களுக்கு இருந்த பெரிய தொல்லை என்ன என்று யாராவது கேட்டால், ரோஜாவைப் படம் எடுக்கும்போது பின்னால் முள்கம்பி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். பயந்த கதையைச் சொல்வதைவிட அது சுலபம்.

கோல சிலாங்கூருக்கும் புக்கிட் பெலிம்பிங்குக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரஸர். டிரஸர் என்றால் பாதி டாக்டர், பாதி கம்பவுண்டர். நிஜ டாக்டர் எப்போதாவது காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரி என் தலையில்தான். எனக்கு ஒரு மனைவி, தவழுகிற ஒரு பெண் குழந்தை, ஒரு பெட்டிக் கேமரா, கொல்லை நிறைய ரோஜா. நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை கோயில் பீடத்துக்குப் பூ என் வீட்டிலிருந்துதான் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, பாதிரியாருக்கும் அது தெரியும்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கி முள்கம்பி போட்டபோது, வேலி என் கொல்லையை ஒட்டியே வந்துவிட்டது. எந்தப் பூவை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பின்னால் கம்பி. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வெள்ளை விரிப்பைக் கொண்டுவந்தேன். ஒரு முனையை என் மனைவி பிடிப்பாள், மறு முனையை அந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொண்டவர்கள் பிடிப்பார்கள். விரிப்புக்கு முன்னால் செடி நிற்கும். கம்பி இல்லை, காவல் கொட்டகை இல்லை, பின்னால் நிற்கும் காடும் இல்லை. படத்தைப் பார்த்தால் ஏதோ நிம்மதியான ஊரில் எடுத்தது என்று தோன்றும்.

நிம்மதி எங்கே இருந்தது? பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியை, காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுப் போட்டார்கள். வேறொரு தோட்டத்தில், காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று ஒருவரைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. கொஞ்ச நாள் கழித்து அவரைக் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்று கேள்வி. டிரஸருக்கு இரட்டைப் பயம். மருந்து கொடு என்று அவர்கள் வருவார்கள், மருந்து கொடுத்தாயா என்று இவர்கள் வருவார்கள். நான் பாலகனாகக் கப்பலில் வந்தவன், எனக்காவது அக்கரையில் ஒரு ஊர்ப் பெயர் தெரியும். என் மனைவி தோட்டத்திலேயே பிறந்தவள். நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பி நடப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் படுக்கும்போது எனக்கு அந்த நினைப்புதான் வரும்.

அதனால்தான் ரோஜாவைப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்து வெயிலுக்கும் களிமண்ணுக்கும் பன்னீர் ரோஜா எப்படியோ பிழைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் சீமாட்டி குணம். சுங்கை செம்பிலாங்கிலிருந்து வரும் மீனைக் கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், அடுப்புச் சாம்பல் எல்லாம் செடிக்குத்தான். என் பிள்ளைக்கு இவ்வளவு பார்த்ததுண்டா என்று மனைவி கேட்பாள். அதிலும் ஒரு மஞ்சள் ரோஜா இருந்தது. கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிவந்த லோரிக்காரர் ஒருவர் வாந்திபேதிக்கு மருந்து வாங்கியதற்கு நன்றியாகக் கொடுத்த பதியன். மலைச் செடி, இங்கே பிழைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். மத்தியான வெயிலுக்கு அத்தாப்பு ஓலை மறைப்புக் கட்டி, வருஷத்துக்கு மேல் காப்பாற்றினேன், ஒருநாள் அது மொட்டு வைத்தது. காலையில் விரிந்தால் பத்து மணிக்குள் வாடிவிடும். ஊரடங்கு முடிந்தவுடன் ஓடிப்போய் எடுத்தால்தான் உண்டு.

கேமராவில் ஒரு ரோலுக்கு எட்டுப் படம். ரோல் சுலபமாகக் கிடைக்கிற காலமா அது? எட்டும் முடியாமல் ரோலைக் கழற்றுவது எங்கள் வீட்டில் பாவம். நல்ல பூ வரும்வரை ரோல் கேமராவுக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடக்கும். இது ஒரு சாதாரணக் கஞ்சத்தனம்தான். இதுவே என் கழுத்துக்கு வரும் என்று அப்போது தெரியாது.

தோட்டத்தில் என் கொல்லைக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. கல்யாணப் பேச்சு என்றால் முதலில் படம் கேட்பார்கள். பெண் வீடு வடக்கே சபாக் ஊர்ப் பக்கம் இருந்தால், ஊரடங்கும் வழி நெடுகச் சோதனையும் தாண்டி மாப்பிள்ளை போய்வருவது லேசில்லை. படம்தான் முன்னால் போகும். ரோஜாச் செடியோரம் நின்று, என் கறுப்புக் கோட்டைப் போட்டு, என் கைக்கடிகாரத்தைக் கட்டி எடுத்துக்கொண்ட படத்துக்கு ராசி உண்டு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தோட்டத்தில் பாதி மாப்பிள்ளைகள் என் கோட்டில்தான் பெண் பிடித்தார்கள்.

மஞ்சள் ரோஜா முதன்முதலாக விரிந்த காலையில் அப்படி ஒருவன் வந்து நின்றான். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன், இருபத்திரண்டு வயதிருக்கும். அப்பா இல்லை. அம்மாவும் அதே மர நிரையில் பால் வெட்டுகிறவள், கூடவே வந்திருந்தாள். எனக்கு அவர்களைத் தெரியும். ஒரு வருஷத்துக்கு முன் காய்ந்த கிளை முறிந்து அவன் இடது புருவத்துக்கு மேல் கிழித்தபோது தைத்தது நான்தான். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததில் தையல் கோணலாகப் போயிற்று. குணமான பிறகும் அந்தக் கோணல் அப்படியே இருந்தது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே கோபம் வரும்.

மற்ற செடியோரம் நில் என்று சொன்னேன். அவன் மஞ்சளோரம்தான் நிற்பேன் என்றான். சரி, பூவை மறைக்காதே, தள்ளி நில், இன்னும் தள்ளி என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி விரிப்பின் ஒரு முனையையும் அவன் அம்மா மறு முனையையும் பிடித்திருந்தார்கள். கொஞ்சம் சிரிடா, பொண்ணு பாக்கப் போறா என்று அவள் விரிப்புக்குப் பின்னாலிருந்து சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, ஆனால் நிமிர்ந்து நின்றான். ஒரு படம் எடுத்தேன். அடுத்து பூவை மட்டும் தனியாக ஒரு படம். ரோல் முடியட்டும், கழுவித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

சில வாரம் கழித்து ஒரு காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது அவன் பெயருக்குப் பதில் வரவில்லை. மகன் சபாக்கில் மாமன் வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று அவன் அம்மா, ஆட்களை மேய்க்கும் மண்டோரிடம் சொன்னாள். மண்டோர் அப்படியே எழுதிக்கொண்டார். யாரும் மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. காட்டுக்காரர்கள் அவனை இழுத்துக்கொண்டு போனார்களா, தானாகப் போனானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சபாக் என்று அவள் சொன்னாள், சபாக் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நம்பாவிட்டால் போலீஸில் சொல்லவேண்டும்.

என் மனைவி மட்டும் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, கேமராவுக்குள் அவன் இருக்கிறானே என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது. ரோலைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று எழுந்தேன். ஆனால் அதே ரோலில்தான் மஞ்சள் ரோஜாவும் இருந்தது. அது மறுபடி பூக்குமா என்பதே நிச்சயமில்லை. சபாக்குக்குத்தானே போயிருக்கிறான், அதில் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். பயத்தையும் ஆசையையும் ஒரே தட்டில் போட்டுப் பிசைந்தால் இப்படித்தான் ஆகும்.

அதற்குப் பிறகு ஒரு காலை. மஞ்சள் செடி மறுபடி மொட்டு விட்டிருந்தது. நான் கேமராவும் கையுமாகக் குனிந்திருந்தபோது கொல்லை வாசலில் பூட்ஸ் சத்தம். ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் துரை, கூட மலாய்க்காரக் கான்ஸ்டபிள்கள். ரோஜாமுள் குத்தியதுபோலக் கையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

துரை மரியாதையாகத்தான் பேசினார். முதல் நாள் காட்டோரம் சண்டை நடந்ததாம். இரண்டு பேரைச் சுட்டுக் கொண்டுவந்திருக்கிறார்களாம், ஆள் யார் என்று தெரியவில்லையாம். போலீஸ் படக்காரர் கிள்ளானிலிருந்து வந்து சேருவதற்குள் இந்த வெயிலில் முகம் தாங்காது. தோட்டத் துரைசானி என் ரோஜாப் படங்களைக் காட்டி என்னைச் சொல்லியிருக்கிறாள். கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முதுகில் இருக்கும் சின்னச் சிவப்புக் கண்ணாடியில் எண் தெரியும். இன்னும் மூன்று இருக்கிறது, போதும் என்றார். ரோல் இல்லை என்று பொய் சொல்லக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

போலீஸ் லோரியில் ஏற்றும்போது தோட்டமே பார்த்தது. மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் திரும்பி வருவேனா என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

போலீஸ் ஸ்டேஷன் பின்னால் சிமெண்டுத் தரையில் இரண்டு பேரைக் கிடத்தி கோணிப்பை போட்டு மூடியிருந்தார்கள். நான் டிரஸர், பிணம் பார்க்காதவனில்லை. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டேன். முதல் கோணியை எடுத்தார்கள். ஒரு சீன வாலிபன், பள்ளிக்கூடம் போகிற வயசுதான். இரண்டாவதை எடுத்தார்கள். முகம் வீங்கிக் கிடந்தது. பெற்றவளைத் தவிர வேறு யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது. ஆனால் இடது புருவத்துக்கு மேல் என் கோணல் தையல் இருந்தது.

எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. கேமராவுக்குள் அவன் உயிரோடு, என் கோட்டைப் போட்டுக்கொண்டு, என் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, என் ரோஜாவோரம் நிற்கிறான் என்பதுதான் முதலில் வந்தது. இப்போது அதே ரோலில் அவன் பிணமும் ஏறப்போகிறது. கழுவினால் ஒரே பட்டையில் இரண்டும் வரும். இதற்கு மேல் போலீஸுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? காட்டுக்காரனுக்குக் கோட்டுக் கொடுத்தவன் மருந்து கொடுத்திருக்க மாட்டானா? நான் உள்ளே போவேன், குழந்தை கப்பலேறும்.

பழக்கதோஷத்தில் குனிந்து அவன் கண்ணை மூடிவிட்டேன். துரைக்குக் கோபம் வந்தது. கண் திறந்திருந்தால்தான் அடையாளம் சொல்லச் சுலபம் என்றார். மன்னிக்கவேண்டும், ஆஸ்பத்திரிப் பழக்கம் என்றேன். அதற்குப் பிறகு அது திறக்கவில்லை. இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். கைக்குட்டை கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று, உதடு ஆடியது அவருக்குத் தெரியவில்லை. ஆளுக்கொரு படம், இருவரையும் சேர்த்து ஒரு படம். எட்டும் முடிந்தது. கைரேகை எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பியிருக்கிறோம், அது வரும்போது வரட்டும் என்று துரை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ரோலைக் கடைத்தெரு ஸ்டுடியோவில் உடனே கழுவி, அதில் உள்ள எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி ஒரு கான்ஸ்டபிளை என்னோடு அனுப்பினார். நடக்கிற தூரம்தான். கேமரா என் கையில், பெருவிரல் அதன் பின்கதவுக் கொக்கியில். தடுக்கி விழுந்ததுபோல விழுந்து கதவைத் திறந்துவிட்டால் வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விடும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்த நிமிஷம் புத்தி வந்தது. ரோல் சுற்றுகிற விதத்தில் முதலில் எடுத்த படம் உள்ளே போகும், கடைசியில் எடுத்தது வெளியே இருக்கும். வெளிச்சம் பட்டால் வெளிச் சுற்றில் இருக்கும் பிணங்கள்தான் அழியும். உள்ளே இருக்கும் மாப்பிள்ளை பத்திரமாக இருப்பான். போலீஸ் படத்தைக் கெடுத்தவன் என்ற பெயரும் சேரும். என் கேமரா எனக்கே இப்படிக் குழி வெட்டும் என்று நினைக்கவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர ஜெபமும் வாயில் வரவில்லை.

ஸ்டுடியோக்காரர் நடுவயதுச் சீனர். என் ரோல்களை எல்லாம் அவர்தான் கழுவுவார். பூவைத் தவிர வேறு எதையும் எடுக்கமாட்டாயா என்று மலாயில் கேலி செய்வார். அன்றைக்குக் கான்ஸ்டபிளைப் பார்த்ததும் கேலி செய்யவில்லை. ரோலை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனார். கான்ஸ்டபிள் வாசலில் நின்று சிகரெட் பற்றவைத்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவரில் சாமி மாடத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ஈரப் பட்டை கம்பியில் தொங்கியது. விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளை விரிப்பு கறுப்பாகவும், என் கறுப்புக் கோட்டு வெள்ளையாகவும், அதற்கு மேல் ஒரு முகமும் தெரிந்தது. அவர் அந்தப் படத்தைப் பார்த்தார், கடைசிப் படங்களைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் முகம் என்ன சொல்லிற்றோ தெரியாது. மறைக்கிற சக்தி எனக்கு அப்போது இல்லை.

அவர் கத்தரியை எடுத்தார். உள்ளங்கையளவு அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி, விசிறிக்குக் காட்டி உலரவைத்தார். மாடத்துக்குப் போய், கும்பிடுகிறவர்போல நின்று, தீக்குச்சி கிழித்து ஊதுபத்திச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துக் கொளுத்தினார். அது சுருண்டு எரிந்தது. வாசலில் கான்ஸ்டபிள் முதுகைக் காட்டி நின்றார். பிறகு உரக்க, ஒரு படத்தில் கை ஆடிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை, அதை எறிந்துவிட்டேன், மற்றது எல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்று கான்ஸ்டபிளிடம் சொன்னார். என்னிடம் தணிந்த குரலில் ஒன்றே ஒன்று சொன்னார்.

"உங்க ரோஜா நல்லா வந்திருக்கு, டிரஸர். வீட்டுக்குப் போங்க."

போனேன். நடந்ததை நான் சொன்னதும் என் மனைவி எழுந்துபோய்க் கோட்டை எடுத்து அடுப்பில் வைத்தாள். கம்பளி எரிகிற நாற்றம் வீடு முழுக்க அடித்தது. யாராவது என்ன நாற்றம் என்று கேட்டுவிடுவார்களோ என்று அவளே கருவாட்டை எடுத்துச் சுட்டாள். கடிகாரத்தை நான் கட்டுவதை விட்டுவிட்டேன்.

அத்தோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பெரட்டுக் களத்துக்குப் போலீஸ் வந்தது. நான் எடுத்த பிணப் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அட்டையில் ஒட்டியிருந்தார்கள். வேலைக்குப் போகும் முன் ஒவ்வொருவராக வந்து பார்த்து, தெரியும், தெரியாது என்று சொல்லவேண்டும். யாருக்காவது மயக்கம் வந்தால் பார்க்கவேண்டும் என்று என்னையும் நிற்கவைத்தார்கள். துரைக்கு நல்ல மனசு. உங்கள் ரோஜாக்களைப் பார்த்தேன், அருமை என்று என்னிடம் சொன்னார்.

வரிசை நகர்ந்தது. அவன் அம்மா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தாள். அவள் கத்தினால் அவள் போனாள், அவள் வாயிலிருந்து என் கோட்டும் வரும், நான் போனேன். ஒரு தாயின் வாயைப் பார்த்துக்கொண்டு, ஐயோ அழுதுவிடாதே, அழுதுவிடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றேன். வேண்டிக்கொள்கிற காரியமா அது?

அவள் படத்தைப் பார்த்தாள். மற்றவர்கள் பார்த்ததைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"தெரியாதுங்க" என்றாள்.

வாளியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு நிரைக்குப் போனாள். அன்றைக்கு அவள் வெட்டிய பால் எப்போதும்போலத்தான் இருந்தது என்று மண்டோர் பிறகு ஒருமுறை சொன்னார். அவரும் அன்றைக்கு வரிசையில் நின்று தெரியாது என்றவர்தான். அந்தத் தோட்டத்தில் ஒருவர்கூடத் தெரியும் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கொல்லை வாசலில் அவள் வந்து நின்றாள். என் மனைவி உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. எனக்கு அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று காவல் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். அவள் மஞ்சள் செடியோரம் வந்து நின்றாள்.

"கண்ண மூடி விட்டிருந்தீங்க. படம் புடிச்சது நீங்கதான்னு சொன்னாங்க. ஒங்க கொழந்த நல்லா இருக்கணும், ஐயா."

அன்னைக்கு இங்கன எடுத்த படம் வந்துச்சா என்று அடுத்துக் கேட்டாள். அடையாளக் கார்டில் ஒட்டியிருந்த படம் அவனோடேயே போய்விட்டது. அதைத் தவிர அவனை யாரும் படம் பிடித்ததே இல்லையாம். இங்கே எடுத்ததோ பெண் வீட்டுக்குக்கூடப் போகாத படம். நான் உள்ளதைச் சொன்னேன், எரிந்துவிட்டது அம்மா என்று. யார் எரித்தார், ஏன் எரித்தார் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை. தெரிந்தால் அதையும் மறைக்கவேண்டும்.

பிறகு சொன்னாள்.

"அப்ப அவன் நின்ன எடத்தையாச்சும் எடுத்துக் குடுங்க."

என் மனைவி போய் வெள்ளை விரிப்பைக் கொண்டுவந்தாள். கைவசம் ஒரு புது ரோல் இருந்தது. அந்தத் தாய் தன் முனையை வாங்கிக்கொண்டு, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் போய் விரிப்புக்குப் பின்னால் நின்றாள். மஞ்சள் செடியில் ஒரு பூ இருந்தது, நன்றாகக்கூட இல்லை, ஒரு பக்கம் பூச்சி அரித்தது. நான் கேமராவைச் செடிக்கு நேராக வைத்தேன். விரிப்புக்குப் பின்னாலிருந்து, இன்னும் தள்ளிப் போங்க, அவன் ஒசரம் கொள்ளணும் என்றாள். நான் பின்னால் போனேன். அன்றைக்கு நின்ற இடத்தின் தடம் எனக்குத் தெரியும். ரோஜா ஓரத்துக்குப் போய்விட்டது. நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வெள்ளை. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, தள்ளி நில், பூவை மறைக்காதே என்று நான் அவனிடம் கத்தியது ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கை ஆடக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

அந்த ரோலை எட்டும் முடியாமலே கழற்றினேன், முதல்முறையாக. ஸ்டுடியோக்காரர் பிரிண்டைக் கையில் கொடுக்கும்போது ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்த பூவையும் வெறும் வெள்ளையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த முறை பூவை நடுவில் வையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அவள் அதற்குச் சட்டம் போட்டு லயத்து வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். லயங்களைச் சோதனை போடும்போது போலீஸ் பானையைக் கவிழ்க்கும், பாயை உதறும். ஒருமுறை ஒரு கான்ஸ்டபிள் அந்தப் படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டாராம். டிரஸர் ஐயா வீட்டு ரோசா என்றாளாம். மறுபடி மாட்டிவிட்டுப் போனாராம். இதை மண்டோர்தான் வந்து என்னிடம் சொன்னார். ரேகை பொருந்தியதோ, கோலாலம்பூரில் எங்கேயாவது தூங்கியதோ, யாரும் அவளைத் தேடி வரவில்லை. ஆனால் வருவார்கள், இன்றைக்கு வருவார்கள் என்றுதான் ஒவ்வொரு காலையும் நான் எழுந்தேன்.

அவளுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் கூப்பிட்டார்கள். போனேன். நாடி பார்க்க உட்கார்ந்தபோதுதான் அந்தப் படத்தை நேராகப் பார்த்தேன். சட்டத்தில் செருகிய பூ ஒன்று வாடித் தொங்கியது. கண்ணாடிமேல் ஒரு குங்குமப் பொட்டு. ரோஜாவின்மேல் இல்லை. வெறும் வெள்ளையில், ஒரு ஆள் நின்றால் நெற்றி எங்கே வருமோ சரியாக அந்த இடத்தில் வைத்திருந்தாள்.

எனக்குக் குப்பென்று பயம் ஏறியது. கண்ணுள்ள எந்தப் போலீஸ்காரனும் பார்த்தவுடன் கேட்பான், காற்றில் எதற்குப் பொட்டு என்று. துடைத்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன். அவள் பாயில் படுத்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இறக்கிக்கொண்டு, அம்மா, இந்தப் பொட்டைக் கொஞ்சம் தள்ளிப் பூவின்மேல் வையுங்கள், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்று கெஞ்சினேன்.

"பூவுக்கு எதுக்கு ஐயா பொட்டு?" என்றாள்.

மருந்தை எடுத்து வைத்து, எப்போதெல்லாம் குடிக்கவேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினாள். வெளியே வந்ததும் வேலியோரம் யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நடந்தேன்.